கைராசியாவது மண்ணாங்கட்டியாவது!

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டைப் பதிவு. செடி பத்தின பதிவுல என்னம்மா சண்டைன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையா கீழ வரைக்கும் வாங்க. ரொம்ப நாளா நெஞ்சுல வச்சிருந்தது. இன்னிக்கு இறக்கி வச்சிடறேன்.

2018ல நாங்க இந்த ஃப்ளாட்டுக்குக் குடி வந்தோம். கிரகப்பிரவேசத்துக்கு ரங்கமணியோட ஆபீஸ் மக்கள் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு ஆர்க்கிட் வாங்கிட்டு வந்தாங்க. வெள்ளைப் பூ, நடுவுல வெத்தலை போட்ட வாய் மாதிரி ஒரு செவப்பு. பளபள தங்கக் காகிதம், ரோஸ் கலர் ரிப்பன், அதுக்குள்ள ஓட்டையே இல்லாத ஒரு பீங்கான் தொட்டி. பூ ஒம்போது, மொட்டு நாலு. வந்தவங்க எல்லாரும் என் கேசரியைப் பாத்ததை விட அதைத்தான் அதிகமா பாத்தாங்க. கொண்டு வந்த பையன் "இது இண்டோர் பிளாண்ட் மேடம், டிவி பக்கத்துல வைங்க, டெய்லி கொஞ்சம் தண்ணி விட்டாப் போதும்"னு கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பிச்சுட்டுப் போனான்.

நானும் துளசிக்கு ஊத்தற மாதிரி தினம் காலைல குளிச்சுட்டு வந்து ஒரு டம்ளர் ஊத்தினேன். பத்தாம் நாள் மொட்டு நாலும் மஞ்சளாகிக் கீழ விழுந்துச்சு. அடுத்து ஒவ்வொரு பூவா வாடிச்சு. ஒண்ணரை மாசத்துல அடி இலை மஞ்சளாகி, தொட்டா கொழகொழன்னு. ஒரு நாள் தூசி துடைக்கலாம்னு செடியைப் பிடிச்சேன், கையோட வந்துடுச்சு. கீழ வேரே இல்ல!

அன்னிக்குன்னு பாத்து நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாங்க. பாத்துட்டுச் சொன்னது இதுதான்: "உன் கைக்கு எதுவும் தங்காதும்மா. எங்கம்மா கை பட்டா காஞ்ச குச்சி கூட துளிர்க்கும். அதுக்கெல்லாம் ஒரு கைராசி வேணும்."

சிரிச்சுக்கிட்டே காபி போடப் போயிட்டேன். வேற என்ன செய்யறது. ஆனா அது உள்ள போய் உக்காந்துக்கிச்சு. ஏன்னா அதுக்கு முன்னாடியே ஒரு கறிவேப்பிலைக் கன்னும், யார் வச்சாலும் வளரும்னு சொல்ற மணி பிளாண்ட்டும் எங்க வீட்டுல போய்ச் சேர்ந்திருந்துச்சு. மணி பிளாண்ட்டே செத்த வீடுன்னா பாத்துக்குங்க. அப்புறம் ரெண்டு வருஷம் யாராவது ஒரு கன்னு கொடுத்தாக் கூட "எனக்கு வேண்டாங்க, என் கைராசி சரியில்ல"ன்னு நானே சொல்ல ஆரம்பிச்சுட்டேன். அடுத்தவங்க சொன்ன பொய்யை நாமளே தெருத்தெருவா விக்கிற நிலைமை இருக்கே, அதை நினைச்சாத்தான் இப்பவும் கோவம் வருது.

கவனிச்சிருக்கீங்களா, இந்த "கைராசி இல்ல"ங்கிற பட்டம் ஆம்பளைங்களுக்கு வர்றதே இல்ல. ரங்கமணி ஒரு போன்சாயை மூணே வாரத்துல கருவாடாக்கினாரு. அதுக்கு "நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்"னு தீர்ப்பு. நான் கொன்னா கைராசி, அவர் கொன்னா நர்சரிக்காரன். நல்லா இருக்குங்க உங்க நியாயம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2019ல வீம்புக்கு இன்னொண்ணு வாங்கினேன், 850 ரூபா. இந்த தடவை யார் யாரோ சொன்னது, வீடியோவுல காட்டினது எல்லாத்தையும் செஞ்சேன். அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தினேன். வாழைப்பழத் தோல் ஊறின தண்ணி. பூண்டுத் தண்ணி. காலை மாலை இலை மேல ஸ்பிரே. வாங்கின மறுநாளே தொட்டி மாத்தி தோட்டத்து மண்ணும் உரமும் போட்டேன். சாதாரணமா ஆறு வாரத்துல சாகற செடி நாலே வாரத்துல செத்துச்சு. வீடு முழுக்க கொசு மாதிரி குட்டிப் பூச்சி வேற.

ஆனா இந்த தடவை குப்பையில போடறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செஞ்சேன். போஸ்ட் மார்ட்டம். சிங்க்ல வச்சுப் பிரிச்சுப் பாத்தேன். வேர் எல்லாம் பழுப்பு நிறத்துல வெத்துக் குழாய். விரலால இழுத்தா மேல் தோல் உறை மாதிரி கழண்டு வந்து, உள்ள நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம். தண்டுக்கு நேர் கீழ, எல்லா வேருக்கும் நடுவுல, எலுமிச்சம்பழம் சைஸுக்கு ஒரு பாசி உருண்டை. மேல இருக்கற மரப்பட்டைத் துண்டெல்லாம் காஞ்சு கிடக்க, அந்த உருண்டை மட்டும் பிழிஞ்சா தண்ணி சொட்டுற அளவு ஈரம். நாத்தம்னா நாத்தம், அப்படி ஒரு சாக்கடை நாத்தம்.

அந்த உருண்டை நான் வச்சது இல்லைங்க. அது செடி குழந்தையா இருந்தப்போ வளர்த்தவங்க வச்சது. நாத்தா இருக்கும்போது அந்த ஈரம் அதுக்கு வேணும். பெருசாக பெருசாக அப்படியே உருண்டையோட பெரிய தொட்டிக்கு மாத்திடுவாங்க. பசுமைக் குடில்ல காத்தோட்டம், வெளிச்சம், அளந்து ஊத்தற தண்ணி எல்லாம் இருக்கறதால அங்க ஒண்ணும் ஆகாது. அதையே நம்ம ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல, ஓட்டையில்லாத பீங்கானுக்குள்ள இறக்கி, தினம் ஒரு டம்ளர் ஊத்தினா அது தொட்டி இல்ல, செப்டிக் டேங்க். நான் கை வைக்கறதுக்கு முன்னாடியே பாதி முடிவாகிப் போன கேஸ். இதுல கைராசி எங்கேருந்து வந்துச்சு?

அன்னிலேருந்து இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க கோவம் அதிகமாச்சே தவிர குறையல.

நம்ம கடைகள்ல ஆர்க்கிட்னு விக்கிறதுல முக்கால்வாசி ஃபலனாப்ஸிஸ். அந்துப்பூச்சி மாதிரி இருக்குன்னு கிரேக்க மொழியிலேருந்து எடுத்து ப்ளூம்னு ஒரு தாவரவியல்காரர் 1825ல வச்ச பேரு. சொந்த ஊர் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, தைவான் பக்கம். மண்ணுல வளர்ற ஜாதியே இல்ல. மரக்கிளையில ஒட்டிக்கிட்டு, வேரைக் காத்துல தொங்க விட்டுக்கிட்டு வாழறது. மழை பெஞ்சா நனையும், அடுத்த ரெண்டு மூணு மணி நேரத்துல காத்துல காஞ்சிடும். அந்த வேருக்கு மேல வெலமென்னு பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கு. காஞ்சா வெள்ளி நிறம், நனைஞ்சா பச்சை. தண்ணியைச் சட்டுன்னு உறிஞ்சி வச்சுக்கத்தான் அந்த ஏற்பாடே. எந்நேரமும் நனைஞ்சே இருந்தா மூச்சு முட்டி அழுகிடும். இன்னொண்ணு, காட்டுல இது மரத்துல பக்கவாட்டுல சாஞ்சு தொங்கும். அதனால குருத்துல விழுந்த தண்ணி வழிஞ்சு போயிடும். நாம தொட்டியில நிமிர்த்தி வச்சு மேலேருந்து ஊத்தறோம், தண்ணி குருத்துலயே தேங்கி, நடுக்குருத்து அழுகி, ஒரு நாள் மேல் இலை மொத்தமா கழண்டு வரும். குருத்து போனா அனேகமா செடி போச்சு, ஏன்னா இது ஒத்தைத் தண்டுல மேல் நோக்கி மட்டுமே வளர்ற ரகம்.

இந்த லட்சணத்துல இதுக்கு "இண்டோர் பிளாண்ட்"னு பேரு. இண்டோர் பிளாண்ட்னு உலகத்துல ஒரு செடியும் கிடையாதுங்க. வீட்டுக்குள்ள பிறந்த செடின்னு ஏதாவது இருக்கா? நம்ம வீட்டுக்குள்ள சாகாமச் சமாளிக்கிற செடி, சமாளிக்க முடியாத செடி, அவ்வளவுதான்.

நமக்குத்தான் தெரியலன்னு நினைச்சேன். கதை பெருசு. 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துப் பணக்காரங்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடிச்சிருந்துச்சு. காடு காடா ஆள் அனுப்பிப் பிடுங்கிக் கப்பல்ல கொண்டு வந்தாங்க. வெப்பமண்டலச் செடின்னா கொதிக்கக் கொதிக்க, புழுங்கப் புழுங்கத்தான் வளரும்னு நினைச்சு, காத்தே புகாத கண்ணாடி வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டி ஆவியில வேக வச்சாங்க. ஆயிரக்கணக்குல செத்துச்சு. மலை உச்சியில குளிர்ல வளர்ற ஆர்க்கிட்டையும் சேத்தே வேக வச்சாங்கன்னா பாத்துக்குங்க. அப்புறம் 1830கள்ல சாட்ஸ்வொர்த்துல டெவன்ஷயர் பிரபுவோட தோட்டத்தைப் பாத்துக்கிட்ட ஜோசப் பாக்ஸ்டன்தான் (1851ல லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ் கட்டினாரே, அவரேதான்) ஜன்னலைத் திறந்து காத்து விட்டு, எந்த ஊர்ச் செடிக்கு எந்தச் சூடுன்னு தனித்தனியா பிரிச்சு வளர்த்துக் காமிச்சாரு. இப்ப சொல்லுங்க, அத்தனை பிரபுக்களுக்கும் கைராசி இல்லாமப் போச்சா? அவங்களுக்குத் தெரியலன்னு எழுதறோம். நமக்கு மட்டும் ராசி.

இப்ப வாங்கிட்டு வந்த முதல் மாசத்துக்கு வருவோம். என் சண்டையே அந்த முதல் மாசத்தைப் பத்தித்தான்.

ஒரு செடி பசுமைக் குடில்ல ரெண்டு மூணு வருஷம் வளர்ந்து பூ விடுது. ஒரே சீரான சூடு, ஈரக் காத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு. அங்கேருந்து இருட்டுப் பெட்டிக்குள்ள, லாரியில, கடையில, காகிதச் சுருளுக்குள்ள நாள் கணக்கா கிடந்து நம்ம வீட்டுக்கு வருது. பூ மட்டும் ஜம்முனு இருக்கும். அது பழைய வீட்டுல சேத்து வச்ச காசுல நடக்கற கல்யாணம்! உள்ள செடி பயணக் களைப்புல இருக்கு. புகுந்த வீட்டுக்கு வந்த பொண்ணை முதல் நாளே சமையக்கட்டுல நிறுத்தி, ரெண்டாம் நாள் வடாம் போடச் சொல்லி, மூணாம் நாள் "இந்தப் பொண்ணு சரிப்படாது"ன்னு சொல்ற வீடுகள் உண்டில்லையா. அதைத்தான் நாம இந்தச் செடிக்குச் செய்யறோம். (அனுபவம் பேசுதுன்னு யாரும் பின்னூட்டத்துல கிளப்ப வேண்டாம். ரங்கமணி படிப்பாரு.)

அதுக்கு வேண்டியது ஒரு இடம். ஒரே இடம். கிழக்குப் பாத்த ஜன்னல் இருந்தா ராஜயோகம். காலை வெயில் கொஞ்சம் பட்டா தப்பில்ல. மேற்கு, தெற்கு ஜன்னல்னா நம்ம ஊர் வெயில்ல இலை வெந்து வெள்ளை வெள்ளையா திட்டு விழுந்துடும், மெல்லிசா ஒரு திரை போட்டே ஆகணும். டிவி ஸ்டாண்ட், டீப்பாய், சாப்பாட்டு மேஜை எல்லாம் போட்டோ எடுக்கத்தான். அங்க நமக்குப் பேப்பர் படிக்க வெளிச்சம் இருக்கும், செடிக்குப் பட்டினி. இலையைப் பாத்தாலே தெரிஞ்சுடும். புது வாழை இலை மாதிரி இளம்பச்சையா இருந்தா சரி. கரும்பச்சையா, பாக்க அழகா இருந்தா அது வெளிச்சம் பத்தாத சோகை. நாம அதைப் பாத்து "எவ்வளவு பச்சையா இருக்கு"ன்னு சந்தோஷப்படறோம், அவ்வ்வ்.

வச்ச இடத்துல வச்சிடணும். விருந்தாளி வந்தா ஹாலுக்கு, பூஜைன்னா பூஜை ரூமுக்கு, ராத்திரி திரும்ப பால்கனிக்குன்னு தூக்கிட்டு அலையக் கூடாது. மொட்டு வெளிச்சம் வர்ற பக்கம் பாத்துத் திரும்பிக்கிட்டே வளரும். இடமும் சூடும் மாறிக்கிட்டே இருந்தா "போங்கடா"ன்னு உதிர்த்துட்டுப் போயிடும். ஏசி காத்து நேரா மேல அடிச்சாலும் உதிரும். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது பழம்தான். வாழைப்பழம், ஆப்பிள் எல்லாம் பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயு விடும். அது பட்டாலே ஆர்க்கிட் மொட்டு மஞ்சளாகிக் கொட்டிடும். எங்க கிரகப்பிரவேச ஆர்க்கிட் எங்க இருந்துச்சு தெரியுமா? சீர்த்தட்டுல வந்த நாலு சீப்பு வாழைப்பழத்துக்கும் ஒரு கூடை ஆப்பிளுக்கும் பக்கத்துல. நாலு நாள். மொட்டு ஏன் கொட்டுச்சுன்னு நாத்தனார்கிட்ட யாராவது சொல்லுங்கப்பா.

அப்புறம் அந்தத் தங்கக் காகிதம், பீங்கான். வந்த அன்னிக்கே பிரிச்சுக் கடாசிடணும். அழகுக்குப் பீங்கான் வேணும்னா வச்சுக்குங்க, ஆனா தண்ணி விடும்போது உள்தொட்டியை வெளிய எடுத்து, சிங்க்ல வச்சு நல்லா ஊத்தி, முழுக்க வடிஞ்சப்புறம் உள்ள வைங்க. உள்தொட்டி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கா இருந்தா அது உங்க அதிர்ஷ்டம், வேர் தெரியும். வேர் பச்சையா இருக்கா? கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. வெள்ளியா மாறி, தொட்டியைத் தூக்கினா லேசா இருக்கா? அப்ப ஊத்துங்க. எங்க வீட்டுல அது ஏசி இல்லாத ரூம்ல அஞ்சாறு நாளைக்கு ஒரு தடவை, ஏசி ரூம்ல எட்டு பத்து நாளைக்கு ஒரு தடவை, மழைக்காலத்துல ரெண்டு வாரம் கூட ஆகும். கிழமை பாத்து ஊத்தறது கோயிலுக்குப் போறதுக்குச் சரி, ஆர்க்கிட்டுக்கு ஆகாது. போர் தண்ணி வேண்டாம், நம்ம ஊர் உப்புக்கு வேர் நுனி கருகிடும். குடிக்கிற தண்ணி ஊத்தலாம். மழைத் தண்ணி பிடிச்சு வச்சா அமிர்தம்.

இங்கதான் ஐஸ் கட்டி கோஷ்டி வருவாங்க. அமெரிக்காவுல சில கம்பெனிக்காரங்க செடியோடவே "வாரம் மூணு ஐஸ் கட்டி வைங்க"ன்னு சீட்டு வச்சு விக்கிறாங்க. வெப்பமண்டலச் செடிக்கு ஐஸான்னு நான் குதிச்சேன். அப்புறம் பாத்தா, 2017ல ஒஹையோ, ஜார்ஜியா பல்கலைக்கழகக்காரங்க மரப்பட்டையில வளர்ற ஃபலனாப்ஸிஸுக்கு ஐஸ் வச்சுப் பாத்து, பூ நிக்கிற நாள் குறையலைன்னு எழுதியிருக்காங்க. நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். ஆனா அதுலேருந்து எனக்குப் புரிஞ்சது வேற. ஐஸ்ல ஒரு மந்திரமும் இல்ல. அது வாரத்துக்கு இவ்வளவுதான் தண்ணின்னு உங்க கையைக் கட்டிப் போடுது, அவ்வளவுதான். நம்ம ஊர்ல தினம் ஒரு டம்ளர்னு சொல்லி விக்கிற மகானுபாவர்களை விட அந்த வியாபாரி எவ்வளவோ மேல்.

"வாங்கின உடனே தொட்டி மாத்து"ன்னு சொல்ற பெரியவங்க இன்னொரு கோஷ்டி. இவங்ககூட எனக்குப் பாதி சண்டை, பாதி சமாதானம். பூவோட இருக்கற செடியை, பயணக் களைப்புல இருக்கறப்போ, வேரைப் பிரிச்சு இம்சை பண்ணாதீங்க. வேர் கெட்டியா, பச்சையாவோ வெள்ளியாவோ இருந்தா பூ உதிர்ற வரைக்கும் காத்திருந்து அப்புறம் மாத்துங்க. ஆனா நாத்தம் அடிச்சாலோ, தொட்டிக்கு வெளியேருந்து பாக்கும்போதே வேர் பழுப்பாகிக் கொழகொழன்னு இருந்தாலோ பூவைப் பத்தி யோசிக்காதீங்க. அன்னிக்கே பிரிச்சு, அழுகினதை வெட்டி, அந்த நடு உருண்டையை எடுத்துத் தூர எறிங்க. மாத்தும்போது மண்ணு மட்டும் கூடவே கூடாது. நான் போடறது அடுப்புக்கரித் துண்டு, ஓட்டுச் சில்லு, ஊற வச்சுக் கழுவின தேங்காய் மட்டைத் துண்டு கொஞ்சம். மட்டையை அதிகமா போட்டா மழைக்காலத்துல ஈரம் நிக்கும், கரியைக் கூட்டிக்குங்க.

உரம்? முதல் மாசம் ஒண்ணும் வேண்டாம். ஸ்பிரே? சென்னையில காத்துலயே நீங்க நனைஞ்சிருக்கீங்க, அதுக்கு எதுக்குத் தனியா? இலைக்கு இடுக்குல தண்ணி நின்னு அழுகறதுதான் மிச்சம். மாவுப்பூச்சி மட்டும் பாத்துக்கணும். இலை தண்டோட சேர்ற இடுக்குல வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும், கடையிலேருந்தே கூட வரும். பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சுத் துடைங்க, அடுத்த வாரம் திரும்பவும் துடைங்க. அது வரைக்கும் மத்த செடிகளோட சேக்காதீங்க.

எல்லாம் சேத்துப் பாத்தா முதல் மாசம் நீங்க செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். செய்யாம இருக்க வேண்டியதுதான் மலை அளவு. நம்ம வீடுகள்ல அதுதான் கஷ்டம். ஒருத்தர் சும்மா உக்காந்து ஒரு செடியைப் பாத்துக்கிட்டே இருந்தா சோம்பேறி. டம்ளரைத் தூக்கிட்டு அலைஞ்சா பொறுப்பானவங்க.

இனி ரங்கமணி கட்சி. "ஏம்மா, 850 ரூபாய்க்கு ரெண்டு மூணு மாசம் பூ நிக்குது. பொக்கே வாங்கினா மூணு நாள். பூ முடிஞ்சா தூக்கிப் போட்டுட்டு அடுத்தது வாங்கிக்கலாமே, எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" இது முட்டாள்தனமான கேள்வி இல்ல. ஹாலந்துலயும் தைவான்லயும் வியாபாரமே இந்தக் கணக்குலதான் ஓடுது. சாகும்னு தெரிஞ்சே வாங்கறவங்க தாராளமா வாங்கட்டும். என் கோவம், சாகற மாதிரியே கட்டி, சாகற மாதிரியே யோசனை சொல்லி வித்துட்டு, செத்தப்புறம் பழியை வாங்கினவங்க தலையில போடறாங்களே, அதுல. வருஷக் கணக்கா வாழக்கூடிய செடியை பொக்கேன்னு சொல்லி வித்தா அது நேர்மை. "வீட்டுச் செடி, ரொம்ப ஈஸி"ன்னு சொல்லி வித்தா ஏமாத்து வேலை.

அதை விடப் பெரிய ஏமாத்து ஒண்ணு இருக்கு. இதை எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்ல. ஃபலனாப்ஸிஸ் மறுபடி பூக்கணும்னா அதுக்குச் சில வாரம் குளிர்ச்சி வேணும். வளர்க்கறவங்க 28 டிகிரிக்கு மேல வச்சு இலை மட்டும் வளர விடுவாங்க, பூ வேணும்ங்கறப்போ சூட்டைக் குறைப்பாங்க. "ராத்திரி குளிர்ந்தா போதும், பால்கனியில வைங்க"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பிளான்சர்ட், ரங்கிள்னு ரெண்டு பேர் 2006ல இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. பகல்ல 29 டிகிரி இருந்தா ராத்திரி எவ்வளவு இதமா வச்சும் பூந்தண்டு வரல. பகல் குளிர்ச்சிதான் கணக்கு. சென்னையில வருஷத்துல பெரும்பாலான நாள் பகல் 29க்கு மேலதான்! அப்ப இந்த ஊர்ல ஏசி இல்லாத வீட்டுல இந்தச் செடி உயிரோட இருக்கும், இலை விடும், வேர் விடும், ஆனா பூக்கறது கஷ்டம். எத்தனை பேர் இது தெரியாம "ரெண்டு வருஷமா பூக்கவே இல்ல, என் கை சரியில்ல"ன்னு நினைச்சுக்கிட்டிருப்பாங்க?

எனக்கு எப்படித் தெரியும்னா, என்னோட மூணாவது செடி. 2020 பிப்ரவரியில வாங்கினது. அதே உருண்டை இருந்துச்சு, பூ முடிஞ்சதும் மே மாசம் எடுத்துட்டேன். கிழக்கு ஜன்னல் இருக்கற சின்ன ரூம்ல வச்சிருந்தேன். அந்த ரூம்லதான் லாக்டவுன் ஆரம்பிச்சதும் ரங்கமணி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுக் குடியேறினாரு. காலை ஒம்போதிலேருந்து ராத்திரி வரைக்கும் ஏசி 24ல. கரண்ட் பில்லைப் பாத்து நான் போடாத சண்டை இல்ல. அக்டோபர்ல இலைக்குக் கீழ ஒரு பச்சை முளை. வேர்னு நினைச்சேன். நுனி கையுறை போட்ட விரல் மாதிரி இருந்துச்சு, வேர் நுனி உருண்டையா இருக்கும். பூந்தண்டு! 2021 பொங்கல் வாரத்துல முதல் பூ. மொத்தம் ஏழு. அடுத்த வருஷமும் பூத்துச்சு. 2022ல அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டுட்டாங்க, பகல்ல ஏசி நின்னுச்சு. அதுலேருந்து இன்னி வரைக்கும் ஒரு பூ இல்ல. இலை எட்டு, வேர் தொட்டிக்கு வெளிய ஊரைச் சுத்துது, ஆள் செம ஆரோக்கியம். ராசின்னு ஒண்ணு இருந்தா அது ரங்கமணியோட மானேஜர் ராசிதான்.

அதனால சென்னை மாதிரி ஊர்ல இருக்கற மக்களே, பூ திரும்ப வேணும்னா டென்ட்ரோபியம் கேட்டு வாங்குங்க. கல்யாண மேடையில கட்டுவாங்களே ஊதாப்பூ, அது. கரும்பு மாதிரி தண்டு தண்டா வரும், நம்ம சூட்டுக்கு அசராது, பால்கனியில நல்ல வெளிச்சம் கேக்கும். கேரளாக்காரங்க மொட்டை மாடியில வளர்த்து வியாபாரமே பண்றாங்க. ஆர்க்கிட் ஏதோ வெளிநாட்டு ராணின்னு பயப்படவும் வேண்டாம். வாண்டா டெசலேட்டான்னு ஒண்ணு நம்ம தமிழ்நாட்டு சமவெளியிலயே மாமரம் மாதிரி மரங்கள்ல தன்னால வளருது. ஏற்காட்டுல தாவரவியல் ஆய்வுத் துறையோட ஆர்க்கிட் தோட்டமே இருக்கு, போனா பாத்துட்டு வாங்க. காட்டுலேருந்து மட்டும் பிடுங்கிட்டு வந்துடாதீங்க. நான் சொன்ன பிரபுக்கள் கதைதான் திரும்ப நடக்கும்.

போன வாரம் நாத்தனார் போன் பண்ணாங்க. அவங்க பொண்ணு பிறந்த நாளுக்கு யாரோ ஒரு ஆர்க்கிட் கொடுத்திருக்காங்க. தங்கக் காகிதம், பீங்கான், எல்லாம் அதே. "பூ எல்லாம் கொட்டுதும்மா, நீ ஏதோ செடியெல்லாம் வளர்க்கறியே, என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க.

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சத்தியமா. முழுங்கிட்டு, "எங்க வச்சிருக்கீங்க அண்ணி?"ன்னு கேட்டேன்.

"டைனிங் டேபிள் மேலதான். பழக்கூடை பக்கத்துல. பாக்க நல்லா இருக்குன்னு."

"முதல்ல அங்கேருந்து எடுங்க. அந்தக் காகிதத்தைப் பிரிங்க. உள்ள தண்ணி நிக்குதா பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அய்யோ, அரை டம்ளர் நிக்குதும்மா"ன்னாங்க.

"கொட்டிடுங்க. கிழக்கு ஜன்னல்ல வச்சிட்டு, நான் சனிக்கிழமை வர்ற வரைக்கும் தொடாதீங்க. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க."

கரியும் ஓட்டுச் சில்லும் ஒரு பையில எடுத்து வச்சிருக்கேன்.

பி.கு: பின்னூட்டத்துல "பூண்டுத் தண்ணி ஊத்தினேன், எனக்கு நல்லா வந்துச்சு"ன்னு வர்றவங்க போட்டோவோட வாங்க. பூ இருக்கற போட்டோ வேண்டாம், வேர் தெரியற போட்டோ.